ஓர் ஆளுக்கு ஒரு மேசை

"எத்தனை பேர்?"

"ஓர் ஆள்."

"ஓர் ஆள் மட்டுமா?"

லைப்சிக்கில் வெள்ளிக்கிழமை இரவில் எந்தச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தாலும் எனக்கும் பரிமாறுகிறவருக்கும் இடையில் இந்தக் கதை நடக்கும். டொச்சில் அந்த ‘மட்டும்’ ஒற்றை அசைதான்: ‘நூர்’. அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. கதிரைகளை எண்ணுகிறார், அவ்வளவுதான். ஆனால் என் காதில் அந்தச் சின்னச் சொல்லுக்குள் எங்கள் மாமிமார் எல்லோரும் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். "என்ன பிள்ளை, தனியவோ வந்தனீ? கூட ஒருத்தரும் வரேல்லையோ?"

வரவில்லை மாமி. பசி மட்டும்தான் கூட வந்தது.

எனக்கு வயது 31. பிறந்து வளர்ந்தது ஹம் நகரில். ஆம், காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிற அதே ஹம்தான். ஆறு வருடமாக லைப்சிக்கில் இருக்கிறேன். ஆய்வுகூடத்தில் வேலை, தெற்குப் பக்கம் ஓர் இரண்டு அறை வீடு, யன்னலில் இரண்டு கறிவேப்பிலைக் கன்று. கலியாணம் கட்டவில்லை. கட்டவே மாட்டேன் என்று சபதமும் எடுக்கவில்லை. பூனையும் வளர்க்கவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், முதல் இரண்டையும் கேட்டவர்கள் மூன்றாவதையும் கட்டாயம் கேட்பார்கள்.

இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். நல்ல சாப்பாட்டு மேசையில் உட்காருவதற்கு இன்னொரு ஆள் வந்து சேரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கலியாணம் நல்ல விசயமாக இருக்கலாம். ஆனால் அது வாழ்க்கைக்குள் நுழைகிற ரிக்கெற் இல்லை.

வீட்டில் மேசை இருந்தது, இருக்க நேரம் இல்லை

எங்கள் வீட்டில் ‘வெளியே சாப்பிடுவது’ என்றால் மூன்றே மூன்றுதான்: யாருடையதாவது கலியாணம், சாமத்தியவீடு, கோயில் அன்னதானம். காசு கொடுத்துக் கடையில் சாப்பிடுவது காசைக் கொளுத்துவதற்குச் சமம். "இந்தக் காசுக்கு வீட்டிலை ஒரு கிழமைக்குச் சமைக்கலாம்" என்பது அம்மாவின் பொருளாதாரக் கொள்கை. அதில் பிழை கண்டுபிடிக்க இன்றுவரை என்னால் முடியவில்லை.

அப்பாவுக்குக் காரணம் வேறு. எண்பதுகளின் நடுவில் வந்த பலரைப் போலவே அவரும் கிழக்கு பெர்லினில் சோனெஃபெல்ட் விமானநிலையத்தில் இறங்கி, ரயில் ஏறி மேற்கு பெர்லினுக்குள் வந்தவர். பிறகு ஓர் இத்தாலிய உணவகத்தில் பீங்கான் கழுவினார். ஓரிரண்டு மாதம் என்று தொடங்கிய வேலை 19 வருடம் போனது. இரவு ஒரு மணிக்கு வீட்டுக்கு வரும்போது அவர் சட்டையில் உள்ளிமணமும் சவர்க்கார மணமும் சேர்ந்து வரும். அந்தக் கடையில் எத்தனை மேசை, எந்த மேசையில் இருந்து எந்தப் பீங்கான் வரும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அந்த மேசைகளில் ஒன்றில்கூட அவர் ஒருநாளும் இருந்து சாப்பிட்டதில்லை. குசினியில் நின்றபடிதான் சாப்பிடுவார்.

அம்மாவும் நின்றபடிதான். எங்களுக்குப் போட்டு, அப்பாவுக்கு எடுத்து மூடி வைத்து, பிறகு சட்டியில் மிஞ்சியிருக்கும் சொதியில் புட்டைப் போட்டுப் பிசைந்து, அடுப்படியில் சாய்ந்துகொண்டு சாப்பிடுவார். எங்கள் வீட்டில் ஆறு கதிரை போட்ட மேசை ஒன்று இருந்தது. அம்மாவுக்கென்று அதில் ஒரு கதிரை இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அதனால்தான் நான் தனியே ஒரு மேசையில் இருந்து, ஒருவர் வந்து "என்ன கொண்டுவரட்டும்?" என்று கேட்கும்போது முதலில் வருவது சந்தோசம் இல்லை, குற்றவுணர்வு. புலம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இது விளங்கும். 14 யூரோ என்று விலை எழுதியிருந்தால், அப்பா எத்தனை பீங்கான் கழுவியிருப்பார் என்று மனம் கணக்குப் போடும்.

லீஸ்ஷென் என்றொரு பெட்டை

லைப்சிக்குக்குப் போகப் போகிறேன் என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி "கிழக்கோ? அங்கை எங்கடை ஆக்கள் ஆர் இருக்கினம்?" அதிகம் பேர் இல்லைதான். ஆனால் இங்கே வந்த பிறகு எனக்கு ஒரு தோழி கிடைத்தாள். அவளுக்கு வயது கிட்டத்தட்ட 290. பெயர் லீஸ்ஷென்.

யோகான் செபஸ்டியன் பாக் என்ற இசைமேதை 1723 இலிருந்து 1750 இல் இறக்கும்வரை இந்த ஊரில்தான் வாழ்ந்தார். தேவாலயத்துக்காக அவர் எழுதிய பெரிய பெரிய இசையை எல்லோருக்கும் தெரியும். அதே மனிதர் 1734 அளவில் கோப்பியைப் பற்றியும் ஒரு பாட்டுக் கதை எழுதினார். அதன் பெயரே ‘கோப்பி கன்டாட்டா’. வரிகளை எழுதியவர் பிகாண்டர் என்ற புனைபெயர் கொண்ட லைப்சிக் கவிஞர். அந்தக் காலத்தில் கத்தரீனன் வீதியில் சிம்மர்மன் என்பவரின் கோப்பிக் கடை இருந்தது. குளிர்காலத்தில் வெள்ளிக்கிழமை இரவுகளில் பாக் தன் இசைக்குழுவோடு அங்கேதான் வாசிப்பார். அதாவது நான் ‘ஓர் ஆள்’ என்று சொல்லிக்கொண்டு திரிகிற அதே வெள்ளிக்கிழமை இரவு.

கதை இதுதான். லீஸ்ஷென் ஒரு நாளைக்கு மூன்று தரம் கோப்பி குடிக்காவிட்டால் இருக்க முடியாதவள். தகப்பனுக்கு அது பிடிக்கவில்லை. கோப்பியை விடாவிட்டால் கலியாண வீடுகளுக்குப் போகக்கூடாது என்கிறார். சரி என்கிறாள். உலாவப் போகக்கூடாது என்கிறார். சரி. நாகரிகப் பாவாடை வாங்கித் தரமாட்டேன். பரவாயில்லை. கடைசியாகப் பெரிய ஆயுதத்தை எடுக்கிறார்: "உனக்கு மாப்பிள்ளை பார்க்க மாட்டேன்." அப்போதுதான் மகள் வழிக்கு வருகிறாள். தகப்பன் சந்தோசமாக மாப்பிள்ளை தேடப் புறப்படுகிறார். அவர் அங்கால் போனதும் இவள் இரகசியமாக ஊர் முழுக்கச் செய்தி பரப்புகிறாள். எனக்குப் பிடித்த நேரமெல்லாம் கோப்பி போட்டுக் குடிக்கலாம் என்று கலியாண ஒப்பந்தத்தில் எழுதித் தருகிறவன் மட்டும் வாசலுக்கு வரலாம் என்று.

முதன்முறை இதைக் கேட்டபோது ட்ராமில் இருந்து சிரித்துவிட்டேன். இந்தத் தகப்பனை எனக்குத் தெரியும். எங்கள் ஊரிலும் இருக்கிறார், உங்கள் ஊரிலும் இருக்கிறார். பெயர் மட்டும்தான் வேறு.

சிம்மர்மனின் கடை இப்போது இல்லை. 1943 டிசம்பரில் விழுந்த குண்டுகளில் அழிந்துவிட்டது. ஆனால் கோப்பிப் பைத்தியம் அழியவில்லை. சக்சன் மாநிலத்துக்காரரை மற்ற ஜேர்மானியர் ‘கோப்பிச் சக்சன்கள்’ என்று கேலி செய்வார்கள். கோப்பி இல்லாவிட்டால் சண்டைக்குப் போகமாட்டோம் என்று இந்தப் பக்கத்துச் சிப்பாய்கள் அடம்பிடித்ததாக ஒரு பழங்கதையும் உண்டு. தண்ணியாகப் போட்ட கோப்பிக்கு இங்கே ‘பூக்கோப்பி’ என்று பெயர். கப்பின் அடியில் வரைந்திருக்கும் பூ தெரிகிற அளவுக்குத் தண்ணி என்று அர்த்தம். எங்கள் வீட்டில் எதிர்பாராத விருந்தாளி வந்தால் அம்மா தேத்தண்ணியை நீட்டுவாரே, அதுவேதான்.

தனியாளின் லைப்சிக் சாப்பாட்டு வரைபடம்

சனிக்கிழமை காலை: கார்ல் லீப்க்னெக்ட் வீதி. இவ்வளவு நீளமான பெயரைச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லாததால் ஊரே ‘கார்லி’ என்கிறது. கடைக்கு வெளியே நடைபாதையில் மேசை போட்டிருப்பதற்கு இங்கே ‘ஃப்ரைசிட்ஸ்’ என்று சொல்வார்கள். திறந்தவெளி இருக்கை என்று பொருள். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் ‘சுதந்திர இருக்கை’ என்றும் எடுக்கலாம். நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். மார்ச் மாதம் சூரியன் பத்து நிமிடம் எட்டிப் பார்த்தால் போதும், குளிர்ச்சட்டையோடு சனம் வெளியே வந்து இருந்துவிடும். கால்வாசிப் பேர் தனியாள்தான். ஒருவர் புத்தகம், ஒருவர் நாய், ஒருவர் சும்மா வெயில்.

பின்னேரம் மூன்று மணி: கேக் நேரம். இந்த ஊரின் கேக்குக்குப் பெயர் ‘லைப்சிக் வானம்பாடி’. ஒருகாலத்தில் இங்கே உண்மையான வானம்பாடிக் குருவிகளைத்தான் இலட்சக்கணக்கில் பிடித்துச் சுட்டுச் சாப்பிட்டார்கள். 1876 இல் சக்சன் அரசர் அல்பேர்ட் அந்த வேட்டையைத் தடைசெய்தார். பேக்கரிக்காரர்கள் பார்த்தார்கள்: குருவி இல்லாவிட்டால் என்ன, மாவு இருக்கிறதே. உள்ளே வாதுமைக் கலவை, மேலே குருவியைக் கட்டிய நூல் போல இரண்டு மாப் பட்டி, நடுவில் குருவியின் இதயத்துக்குப் பதிலாகக் கொஞ்சம் ஜாம். கையடக்கமான கேக். ஒருவருக்கு ஒன்று என்று அளவெடுத்துச் செய்தது போல இருக்கும். பங்கு போட முயன்றால் உதிர்ந்துவிடும். தனியாளுக்கென்றே பிறந்த பலகாரம்.

நான் வழக்கமாகப் போகும் கேக் கடையில் எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டி சனிக்கிழமை தோறும் வருவார். உதட்டுக்கு மெல்லிய சிவப்புச் சாயம், கழுத்தில் பட்டுத்துணி. ஒரு வானம்பாடி, ஒரு குவளை கோப்பி. இடம் இல்லாத ஒருநாள் என் மேசைக்கு வந்து "இந்தக் கதிரையில் ஆள் உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றேன். இருந்தார். நாற்பது நிமிடம் இரண்டு பேரும் ஒரு சொல் கதைக்கவில்லை. போகும்போது "நல்ல துணையாக இருந்தீர்கள், நன்றி" என்றார். அன்று இரவு முழுக்க அதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரவு, கொஞ்சம் துணிச்சல் வந்தால்: கோசெ. இது இந்த ஊரின் பழைய பியர். அதற்குள் கொத்தமல்லியும் உப்பும் போடுவார்கள், புளிக்கும். கொத்தமல்லி, உப்பு, புளிப்பு. எங்கள் ஊரில் இதற்கு இரசம் என்று பெயர். கோலிஸ் பகுதியில் கோசெக்குப் பெயர்போன ஒரு பழைய மதுச்சாலை இருக்கிறது. அதன் பெயர் ‘ஓனெ பெடெங்கென்’, அதாவது ‘தயக்கமில்லாமல்’. இதைக் குடிக்கலாமா என்று கேட்டவருக்குப் பரிமாறுகிறவர் சொன்ன பதில்தான் பெயராக நின்றுவிட்டது என்று சொல்வார்கள். தனியே வாசலில் நின்று உள்ளே போவதா வேண்டாமா என்று யோசிக்கிற பெண்ணுக்கு இதைவிட நல்ல பெயர்ப்பலகை கிடைக்காது. பியர் குடிக்காதவர்கள் எலுமிச்சைச் சோடாவோடு போய் இருக்கலாம். பெயர்ப்பலகை எல்லோருக்கும் பொது.

சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் போகும் இடம் ஆவர்பாக்ஸ் கெல்லர். 1765 முதல் 1768 வரை இங்கே படித்த கோதே, தன் ‘ஃபவுஸ்ட்’ நாடகத்தில் ஒரு காட்சியை அந்த நிலவறை மதுச்சாலையிலேயே வைத்தார். வாசலில் ஃபவுஸ்டின் சிலை நிற்கிறது. அதன் சப்பாத்தைத் தொட்டால் அதிர்ஷ்டமாம். தொட்டுத் தொட்டு அது பொன்போலப் பளபளக்கிறது. நானும் தொட்டேன். வரன் அமையவில்லை. அடுத்த ட்ராம் மட்டும் உடனே வந்தது.

காய்கறிக்கும் நாக்குக்கும்: ஐசன்பான் வீதி. ஒரு தொலைக்காட்சி இதை ‘ஜேர்மனியின் மிக ஆபத்தான வீதி’ என்று வர்ணித்தது. 2018 இல் ஆயுதத்தடை வலயம் என்று பலகையும் வைத்தார்கள். எனக்கு அது வெண்டைக்காய் வீதி. அரபுக் கடையில் வெண்டைக்காயும் கொத்தமல்லிக்கட்டும், துருக்கிக் கடையில் பச்சைமிளகாய், வியட்நாம் கடையில் மரவள்ளிக்கிழங்கு.

பக்கத்தில் ஒரு வியட்நாம் சூப் கடை. அதன் முதலாளி அன்ரி ஒருத்தி. முதல்நாளே என்னைப் பார்த்துக் கேட்டார்: "கலியாணம் ஆச்சா?" இல்லை என்றதும் சூப்போடு இரண்டு ரோல்ஸ் இலவசமாக வந்தது. உலகத்தின் எல்லா அன்ரிமாரும் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் படித்திருக்க வேண்டும். ஆனால் அவருடைய தலைமுறையின் கதையைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் கேள்வி எனக்கு வேறுமாதிரிக் கேட்கத் தொடங்கியது. 1989 இல் கிழக்கு ஜேர்மனியில் கிட்டத்தட்ட 60,000 வியட்நாமியர் ஒப்பந்தத் தொழிலாளராக இருந்தார்கள். தனியாகத்தான் வரலாம், குடும்பத்தோடு வர முடியாது. கர்ப்பமான பெண்கள் நெடுங்காலம் கருவைக் கலைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாடு திரும்ப வேண்டும் என்பதே விதி. தனியாக இருக்கச் சொல்லி அரசாங்கமே கட்டளை போட்ட பெண்கள் அவர்கள். நான் தனியாக இருப்பது என் விருப்பம். இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பது சரியில்லை.

இது ‘வெள்ளைக்காரப் பழக்கமா’?

கோயிலில் ஒரு பெரியம்மா சொன்னார்: "தனியப் போய் சாப்பிடுறது, தனிய ஊர் சுத்துறது எல்லாம் வெள்ளைக்காரரின்ரை பழக்கம் பிள்ளை. எங்களுக்குச் சரிவராது."

மரியாதையோடு மறுக்கிறேன். வெள்ளைக்காரருக்கும் இது நேற்று வரை சரிவராமல்தான் இருந்தது. லீஸ்ஷெனின் தகப்பன் வெள்ளைக்காரர்தான். பாக் காலத்தில் மரியாதையான பெண் கோப்பிக் கடையில் தன்பாட்டில் போய் இருப்பது வழக்கமில்லை. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். மேற்கு ஜேர்மனியில் 1977 வரை, வீட்டுக் கடமைகளுக்கு இடைஞ்சல் இல்லாவிட்டால்தான் மனைவி வேலைக்குப் போகலாம் என்று சட்டமே சொன்னது. அப்பா இந்த நாட்டுக்கு வருவதற்குப் பத்து வருடம்கூட முந்தியில்லை. இங்குள்ள பெண்கள் கேட்டு, சண்டை போட்டு, மெதுமெதுவாக வாங்கிய கதிரை இது. இன்று ஜேர்மனியில் ஏறத்தாழ 1 கோடியே 70 இலட்சம் பேர், அதாவது ஐந்து பேரில் ஒருவர், தனியே வாழ்கிறார்கள். அதில் பாட்டிமாரும் உண்டு, படிக்கிற பிள்ளைகளும் உண்டு, எங்களைப் போன்றவர்களும் உண்டு.

எல்லாம் இனிப்பு என்று சொல்ல வரவில்லை. காய்ச்சல் வந்த இரவில் கஞ்சி வைத்துத் தர ஆள் இல்லை என்பது உண்மை. ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டியிருக்கும் பின்னேரங்கள் நீளமானவை. ஒருமுறை ஒரு கடையில் காலியாகப் பத்து மேசை இருந்தும், என்னைக் கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இருத்தினார்கள். அது நான் தனியாள் என்பதாலா, என் தோலின் நிறத்தாலா என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். பதில் கிடைக்கவில்லை. அடுத்த கிழமை வேறு கடைக்குப் போனேன். வீட்டில் இருந்துவிடவில்லை.

தனிமையை ஒரு கலியாணம் தானாகவே தீர்த்துவிடும் என்பதையும் நான் நம்பவில்லை. ஆறு கதிரை போட்ட வீட்டில் அடுப்படியில் நின்று சாப்பிட்ட ஒருவரைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

தனியே போகிறவர்களுக்கு ஐந்து விதிகள்

ஒன்று: முதல்முறை மத்தியான நேரத்தில் போங்கள். வேலைக்காரர் பாதிப்பேர் தனியேதான் சாப்பிடுவார்கள். யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

இரண்டு: மூலையைத் தந்தால் உடனே ஏற்காதீர்கள். "யன்னலோரம் கிடைக்குமா?" என்று சிரித்துக்கொண்டு கேளுங்கள். பத்துக்கு ஏழு தரம் கிடைக்கும். மிச்ச மூன்று தரமும் கேட்ட திருப்தியாவது கிடைக்கும்.

மூன்று: முதல் பத்து நிமிடம் கைத்தொலைபேசியைத் தொடாதீர்கள். அந்தப் பத்து நிமிடம்தான் கஷ்டம். பிறகு பக்கத்து மேசைச் சண்டை கேட்கத் தொடங்கும். அதற்குப் பிறகு உங்களுக்குத் தொலைபேசி தேவைப்படாது.

நான்கு: கடைசியில் பரிமாறுகிறவர் "ஒன்றாகவா, தனித்தனியாகவா?" என்று கணக்குக் கேட்பது ஜேர்மனியின் தேசிய வழக்கம். எங்கள் ஆட்கள் நாலு பேர் சாப்பிடப் போனால் காசை நான் கொடுப்பேன், நீ கொடுப்பேன் என்று கைகலப்பு வரும். தனியாளுக்கு இரண்டு தொல்லையும் இல்லை. அந்தச் சந்தோசத்தில் பரிமாறுகிறவருக்குக் கொஞ்சம் கூடவே வையுங்கள். குசினிக்குள் பீங்கான் கழுவுகிறவர் யாருடைய அப்பாவோ.

ஐந்து: வீட்டுக்குப் போகும் வழியை முதலே பார்த்து வையுங்கள். எனக்கு 11 ஆம் இலக்க ட்ராம். உங்கள் ஊரில் எதுவோ அது. தைரியம் வேறு, கவனயீனம் வேறு.

அம்மா வந்தார்

போன மே மாதம் அம்மா லைப்சிக்குக்கு வந்தார். தனியே. ஹனோவரில் ரயில் மாறி, ஒரு பையில் மிளகாய்த்தூள், இன்னொரு பையில் பருத்தித்துறை வடை. 35 வருடத்தில் அம்மா தனியாகப் போன முதல் நீண்ட பயணம். ஹனோவர் மேடையில் நின்றபடி மூன்றுதரம் தொலைபேசி எடுத்தார்.

சனிக்கிழமை கேக் கடைக்குக் கூட்டிப் போனேன். வானம்பாடியின் கதையைச் சொன்னேன். "பாவம் குருவி" என்றார். விலையைப் பார்த்துவிட்டு "பாவம் நாங்கள்" என்றார். சாப்பிட்டு முடித்ததும் எழும்பி, என் பீங்கானையும் தன் பீங்கானையும் பக்கத்து மேசைப் பீங்கானையும் சேர்த்து அடுக்கத் தொடங்கிவிட்டார். பரிமாறுகிற பெண் ஓடி வந்து, "வேண்டாம் அம்மா, இருங்கோ" என்ற மாதிரி டொச்சில் சொன்னாள். அம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். ஒரு மணித்தியாலம் ஒரு வேலையும் செய்யாமல் அம்மா மேசையில் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

"நீ தனிய இருந்து சாப்பிடேக்கை ஒரு மாதிரி இருக்காதோ?"

"முதல்லை இருந்ததம்மா. இப்ப இல்லை."

"சனம் பாக்காதோ?"

"பாக்கும். பிறகு தங்கடை சாப்பாட்டைப் பாக்கும்."

லீஸ்ஷெனின் கதையையும் சொன்னேன். கலியாண ஒப்பந்தத்தில் கோப்பி எழுதிய இடத்தில் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அந்தக் கன்டாட்டாவின் முடிவில் எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள்: தாயும் பாட்டியும் கோப்பி குடிக்கிறார்கள், பிறகு மகளை யார் குறை சொல்வது என்பது அதன் பொருள். அதையும் சொன்னேன். அம்மா சிரிப்பை நிற்பாட்டிவிட்டு, "கொம்மம்மா ஒருநாளும் கடையிலை இருந்து குடிச்சதில்லை. நானும்தான்" என்றார். பிறகு கப்பைத் தூக்கி மிச்சக் கோப்பியைக் குடித்தார்.

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போய்விட்டேன். சாவியை மேசையில் வைத்து, "வெளியிலை போறதெண்டால் போங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். போவார் என்று நினைக்கவில்லை. குசினியைத் தேய்த்துக் கழுவி வைத்திருப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். பதினொரு மணிக்கு ஆய்வுகூடத்தில் தொலைபேசி அதிர்ந்தது.

"எங்கை அம்மா நிக்கிறியள்?"

"நிக்கேல்லை, இருக்கிறன். உன்ரை வீட்டுக்குக் கீழை, அந்த மூலைக்கடை. வெளியிலை போட்டிருக்கிற கதிரையிலை."

"தனியவோ?"

"பின்னை ஆரோடை? ஒரு கோப்பி எடுத்தனான். நாலு யூரோ, பிள்ளை. பகல் கொள்ளை. சீனியும் காணாது." கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் ட்ராம் ஒன்று போகிற சத்தம் கேட்டது. "சரி வை. வெயில் நல்லாயிருக்கு. நான் இன்னும் கொஞ்ச நேரம் இருந்திட்டு வாறன்."